சும்பா மலைக்கிராமத்தில் ஏழு மாதம்: தண்ணீர், எருமை, கடன்

#1 மேட்டுநீர்

போன வாரம் இன்னோர் இழையில் கிழக்கு இந்தோனேசியா பற்றிப் பேச்சு வந்தது. "அங்கே மழையும் இல்லை, உழைக்க மனமும் இல்லை, இருக்கிற எருமையை எல்லாம் சாவு வீட்டில் வெட்டித் தின்றுவிடுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் பதில் எழுதுவதற்குள் அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

2018 ஏப்ரல் கடைசியிலிருந்து நவம்பர் வரை, சும்பா தீவின் கிழக்கில் ஒரு மலைக்கிராமத்தில் இருந்தேன். குடிநீர்த் திட்டம் ஒன்றுக்காகப் பம்பு பொருத்தும் வேலை. அவர்கள் வீட்டு விஷயங்களைப் பேசப் போவதால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

இந்தோனேசியா என்றதும் பச்சை வயலும் எரிமலையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். சும்பாவில் எரிமலையே கிடையாது. பாலிக்குக் கிழக்கே, ஃபுளோரஸ் தீவுக்குத் தெற்கே, ஏறக்குறைய 11,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. கிழக்குப் பகுதியில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையும் புல்வெளியும்தான். ஏப்ரலில் பச்சையாக இருக்கும் குன்றுகள் ஜூலையில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். செப்டம்பரில் தீ வைத்த இடமெல்லாம் கறுத்துக் கிடக்கும். பெய்கிற மழை பாறைப் பொந்துகளில் இறங்கி, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளியே வரும். ஊர் மேட்டில், தண்ணீர் பள்ளத்தில். அந்த ஊரைப் பற்றி எதைச் சொல்ல வேண்டும் என்றாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாவட்டத் தலைநகர் வைங்காப்பு. அங்கிருந்து பலகை இருக்கை போட்ட லாரியில் இரண்டரை மணி நேரம், அப்புறம் ஆறு கிலோமீட்டர் பைக்கிலோ நடந்தோ போக வேண்டும். மூன்று குடியிருப்புகளாக 46 வீடுகள். நடுவில் தொப்பிபோல உயர்ந்த கூரை, அதன் மேல் தர்ப்பை இனத்துப் புல் வேய்ந்திருக்கும். தரைக்கு மேலே மூங்கில் தளம், கீழே பன்றியும் கோழியும். வீட்டின் நடுவில் நான்கு பெரிய தூண்கள், அவற்றுக்கிடையே அடுப்பு. அடுப்புப் புகை பரணுக்கு ஏறும். அங்கேதான் மக்காச்சோளக் கதிர்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள், புகை பட்டால் வண்டு அண்டாது. அதற்கும் மேலே, கூம்பின் உச்சியில், மூதாதையர் இருக்கிறார்கள். குடும்பத்தின் பழம்பொருள்களும் அங்கேதான். யாரும் சும்மா ஏறிப் பார்க்கக் கூடாது.

நான் தங்கிய வீட்டுப் பெண்மணியை எல்லோரும் 'மாமா' என்று அழைத்தார்கள். அங்கே அது அம்மாவுக்கான சொல். நம் காதுக்குப் பழக இரண்டு நாள் ஆனது. மாமா விடியற்காலை நாலரைக்கு எழுவார். சமையல் எண்ணெய் வந்த ஐந்து லிட்டர் மஞ்சள் கேன்கள் நான்கைக் கயிற்றில் கோத்துக்கொண்டு, செங்குத்தான பாதையில் ஊற்றுக்கு இறங்குவார். போய்வர ஒரு மணி இருபது நிமிடம். காலையில் இரண்டு நடை, சாயங்காலம் ஒன்று. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். கிடைப்பது அறுபது லிட்டர். வீட்டில் ஆறு பேர்.

தலைக்குப் பத்து லிட்டரில் குடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், கழுவ வேண்டும், பன்றிக்கும் ஊற்ற வேண்டும். காய்கறிப் பாத்தி போடச் சொல்லிப் பயிற்சி கொடுக்க நகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "அதற்கு ஊற்றத் தண்ணீரை எந்த நேரத்தில் எடுப்பது?" யாரிடமும் பதில் இல்லை.

உழைக்க மனமில்லை என்று எழுதியவர் இந்த நான்கு மணி நேரத்தை எதில் சேர்ப்பார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

#2 செந்தூரம்

அண்ணா, படிக்கவே மூச்சு வாங்குகிறது. ஒன்று மட்டும் புரியவில்லை. ஊரையே ஊற்றுக்குப் பக்கத்தில் இறக்கிக் கட்டிக்கொள்ளக் கூடாதா? தலைமுறை தலைமுறையாகச் சுமப்பதற்கு அது சுலபம் அல்லவா?

#3 மேட்டுநீர்

நானும் முதல் வாரமே இதைக் கேட்டேன், செந்தூரம். பெரியவர் ஒருவர் ஊரின் கல்வேலியைக் காட்டினார். அந்தக் காலத்தில் சும்பாவில் மனிதர்களைப் பிடித்து விற்க ஆட்கள் வருவார்கள். ஃபுளோரஸின் எண்டே பக்கத்திலிருந்து படகில் வந்து, கடலோர ஊர்களைச் சூறையாடி, ஆட்களைக் கொண்டுபோனார்கள். உள்ளூர்த் தலைவர்களுக்குள்ளும் சண்டை. அதனால்தான் குன்றின் மேல் ஊர், சுற்றிலும் கல்வேலி.

இப்போது அந்தப் பயம் இல்லை. ஆனால் ஊரின் நடுவிலேயே கல்லறைகள் இருக்கின்றன. நான்கு கால் கல்மேசை போல, மேலே டன் கணக்கில் எடையுள்ள ஒற்றைப் பலகைக் கல். வீட்டு வாசலில் தாத்தா படுத்திருக்கிறார், அதன் மேல் நெல் காய்கிறது, பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். அவரை விட்டுவிட்டுக் கீழே போய்க் குடியேறுவது என்பது அவர்களால் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. பலர் தோட்டத்துப் பக்கம் கீழே குடிசை போட்டிருக்கிறார்கள். ஆனால் 'வீடு' என்றால் அது மேலே இருப்பதுதான்.

இன்னொரு காரணத்தையும் சொன்னார்கள். பள்ளத்தில் கொசு அதிகம்.

#4 கடலோடி

இருபது வருடம் கப்பலில் இருந்தவன். பெல்னி நிறுவனத்துப் பயணிகள் கப்பல் வைங்காப்புத் துறைக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நடு ராத்திரி என்றாலும் துறை முழுக்கக் கூட்டம், மூட்டை, கோழி, அழுகை. வேலைக்காக வெளித்தீவுக்கும் மலேசியாவுக்கும் போகும் பிள்ளைகள்தான் பாதிப் பேர். இந்தோனேசிய மொழியில் கப்பலுக்குப் பெயர் 'கப்பால்'. நம் சொல்தான், எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் போயிருக்கிறது. கடைக்குக் 'கெடாய்', பெட்டிக்குப் 'பெட்டி'. அங்கே அந்தச் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

#5 கணக்கன்

அந்த இழையில் எழுதியது நான் இல்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

சும்பாவில் ஒரு நல்ல எருமை 2 கோடி ரூபியா, அதற்கு மேலும் போகும். நம் பணத்தில் சுமார் ஒரு லட்சம். ஒரு பெரிய மனிதரின் சாவுக்கு இருபது எருமை விழுந்தால் இருபது லட்சம். 46 வீடுள்ள ஊரில்! அந்தப் பணத்தில் பம்பு, குழாய், தொட்டி எல்லாம் வந்துவிடும். பிள்ளையை மாகாணத் தலைநகர் குப்பாங்குக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாம். தாத்தாவின் சாவுக்கு வாங்கிய கடனைப் பேரன் அடைக்கிறான் என்று நானே படித்திருக்கிறேன்.

அரசும் சும்மா இல்லை. 2014ல் கிராமச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2015 முதல் 'டானா டெசா' என்று ஊர் நிதி நேரடியாகப் போகிறது. 2019ல் மட்டும் 70 லட்சம் கோடி ரூபியா, ஏறக்குறைய 75,000 ஊர்களுக்கு. ஊருக்குச் சராசரி 93 கோடி ரூபியா, நம் பணத்தில் 46 லட்சம். பணம் வந்தும் தண்ணீர் வரவில்லை என்றால், குறை ஊருக்குள்ளும் இருக்கிறது என்றுதானே பொருள்?

#6 தறிமகள்

கணக்கன் ஐயா, நியாயமான கேள்வி. நான் இயற்கைச் சாய நெசவு படிக்க வைங்காப்புப் பக்கத்து நெசவு ஊர்களில் இரண்டு முறை, மொத்தம் ஐந்து மாதம் இருந்தேன். இரண்டு சாவு வீடுகளில் கூடவே இருந்து பார்த்தேன்.

அங்கே ஒருவர் இறந்தால் உடனே புதைப்பதில்லை. உடலை உட்கார்ந்த நிலையில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் துணிகளால் சுற்றி, வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில். தினமும் அவருக்கு வெற்றிலை பாக்கு வைப்பார்கள். விலங்குகள் சேர்ந்து, உறவெல்லாம் வரத் தயாரான பிறகுதான் அடக்கம்.

உறவுகள் கூட்டம் கூட்டமாக, சேகண்டி ஒலிக்க வருகிறார்கள். யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்பதில் முறை உண்டு. இந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வழியார் குதிரையும் 'மாமுலி' என்னும் தங்க அணியும் கொண்டுவருவார்கள். பெண் கொடுத்த வழியார் துணியும் பன்றியும் தருவார்கள். ஓரமாக ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பான்: யார், என்ன விலங்கு, கொம்பு எவ்வளவு நீளம். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே சொல்தான் வந்தது. மொய் நோட்டு. நம் ஊரில் மொய் எழுதியவன் வீட்டுக்கு அவன் விசேஷத்தில் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியுமா? அதேதான். வெட்டப்படும் எருமைகளில் பெரும்பாலானவை அந்த வீட்டுச் சொத்தே அல்ல. பத்து வருடத்துக்கு முன் இவர்கள் கொடுத்தது திரும்பி வருகிறது, அல்லது இனி இவர்கள் கொடுக்க வேண்டியது முன்கூட்டி வருகிறது.

வங்கி எட்டாத, காப்பீடு இல்லாத இடத்தில் அந்த நோட்டுதான் அவர்களுடைய காப்பீடு. வீடு எரிந்தால், பயிர் போனால், யார் வந்து நிற்பார்கள் என்பது அதில் எழுதியிருக்கிறது. ஒரு சாவுக்குப் போகாமல் இருந்தால் அந்தப் பக்கம் கயிறு அறுந்துவிடும். அப்புறம், வெட்டிய இறைச்சி வந்தவர் எல்லோருக்கும் பங்கு போகிறது. பல வீடுகளில் பிள்ளைகள் இறைச்சி சாப்பிடுவதே அப்போதுதான்.

இது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கடன் உண்மைதான், பேரன் அடைப்பதும் உண்மைதான். கல்விக்கு வைத்த குதிரை சாவுக்குப் போனதால் பள்ளியை விட்ட பெண் ஒருத்தி எனக்குச் சாயத்துக்கு நூலில் முடிச்சுக் கட்டக் கற்றுக்கொடுத்தாள். அவளுக்குப் பதினாறு வயது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் "தின்றுவிடுகிறார்கள்" என்று ஒரு வரியில் முடிக்கிற விஷயம் இது இல்லை.

#7 செந்தூரம்

தறிமகள் அக்கா, நெசவு பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

#8 தறிமகள்

சொல்கிறேன், செந்தூரம். ஆனால் கொஞ்சம் இழை விலகும்.

ஆண்களுக்கு 'ஹிங்கி', பெண்களுக்கு 'லாவு'. நூலை நெய்வதற்கு முன்பே பாவில் முடிச்சுக் கட்டிச் சாயம் தோய்ப்பார்கள். நீலம் அவுரியிலிருந்து. சிவப்பு, நுணா இனத்து மரத்தின் வேரிலிருந்து. அந்தச் சிவப்பு நூலில் பிடிக்க வேண்டுமானால் முதலில் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயில் நூலை ஊறவைக்க வேண்டும். அப்புறம் மலையில் கிடைக்கும் ஒரு மரத்தின் பட்டையையும் இலையையும் வேரோடு சேர்த்து இடித்துத் தோய்க்க வேண்டும். படிகாரம் செய்யும் வேலையை அந்த மரம் செய்கிறது. ஒரே நூலை மறுபடி மறுபடி தோய்த்து ஆறவிடுவார்கள். நல்ல ஹிங்கி ஒன்றுக்கு ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். குதிரை, மான், முதலை, சேவல், மண்டையோட்டு மரம் எல்லாம் அதில் வரும்.

இப்படிச் செய்த துணிகளில் நல்லதாகப் பார்த்து எடுத்து இறந்தவரோடு புதைத்துவிடுகிறார்கள். நெய்தவளிடம் கேட்டேன், மனசு வலிக்காதா என்று. "அவர் அந்தப் பக்கம் போகும்போது இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எந்த வீட்டு ஆள் என்று தெரிந்துகொள்வார்கள்" என்றாள்.

சாயம் தோய்க்கவும் தண்ணீர் வேண்டும். வறட்சி முற்றினால் சாய வேலை நின்றுவிடும்.

#9 மருந்துப்பெட்டி

செவிலியர் பயிற்சிக்காகக் குப்பாங்கில் ஒன்றரை வருடம் இருந்தேன். சும்பாவுக்கும் மூன்று முறை போனேன். உடல்நலப் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த மாகாணத்தின் பெயர் நூசா தெங்காரா திமூர். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 2022 கணக்கெடுப்பில் அங்கே 35.3 சதவீதம். நாட்டின் சராசரி 21.6. மாகாணங்களில் அதுவே மிக மோசம். மலேரியாவிலும் அந்த மாகாணத்தில் சும்பா மாவட்டங்கள்தான் முன்னால்.

மாதம் ஒரு நாள் 'போஸ்யாண்டு' நடக்கும். ஊர்ப் பெண்களே தொண்டர்கள். வேப்ப மரக்கிளையிலோ வீட்டு உத்தரத்திலோ தராசைக் கட்டி, துணித் தொட்டிலில் குழந்தையை உட்காரவைத்து எடை போடுவார்கள். வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் கூடுதல் உணவு. தடுப்பூசி போடக் கிராமத்து மருத்துவச்சி பைக்கில் வருவார். அந்தத் தொண்டர் பெண்களைப் போல உழைப்பவர்களை நான் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கிடைப்பது மிகச் சிறிய தொகை, அதுவும் ஒழுங்காக வராது.

ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் புள்ளிகள் எல்லாம் கீழே இறங்கும். போன வருடச் சோளம் தீர்ந்திருக்கும், புதுக் கதிர் முற்றியிருக்காது. 'பாச்செக்லிக்' என்பார்கள், பஞ்ச மாதங்கள். அப்போது காட்டுக்குப் போய் 'இவி' என்னும் கிழங்கு தோண்டுவார்கள். அது நஞ்சுள்ள கிழங்கு. மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்துக் கழுவிய பிறகுதான் தின்ன முடியும். அவசரப்பட்டால் வாந்தி, மயக்கம். பசி பொறுக்காமல் அவசரப்பட்ட வீட்டிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகளைச் சுகாதார நிலையத்தில் பார்த்தேன். பிழைத்துவிட்டார்கள்.

மேட்டுநீர் அண்ணன் சொன்ன பத்து லிட்டர் கணக்கை இங்கே சேர்த்துப் பாருங்கள். கை கழுவத் தண்ணீர் இல்லாத வீட்டில் குழந்தைக்கு மாதம் ஒரு முறை வயிற்றுப்போக்கு. தின்றது உடம்பில் ஒட்டாது. உயரக் குறைவுக்குச் சாப்பாடு மட்டும் காரணம் இல்லை.

இன்னொன்று. குப்பாங் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் சவப்பெட்டிகள் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மலேசியாவுக்கு, பெரும்பாலும் முறையான தாள் இல்லாமல், வேலைக்குப் போன அந்த மாகாணத்துப் பிள்ளைகள். சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியிருக்கிறது. கடலோடி அண்ணன் துறைமுகத்தில் பார்த்த அழுகைக்கு அர்த்தம் இருக்கிறது.

#10 கணக்கன்

தறிமகள் அம்மா, மொய் என்று சொன்னதும் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. என் அப்பா மொய்க்கடனுக்காக நிலத்தை விற்றவர். அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு கோபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஊர் நிதி பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

#11 மேட்டுநீர்

வருகிறேன், ஐயா. இது நீளும். என் தவறும் இதில் இருக்கிறது.

ஊர் நிதிக்கு ஒவ்வொரு வருடமும் ஊர்க்கூட்டம் போட்டுத் திட்டம் எழுத வேண்டும். வரவு செலவை அச்சடித்து ஊர் அலுவலகத்து வாசலில் பெரிய பலகையாகத் தொங்கவிடுவார்கள். யாரும் படிக்கலாம். நான் போனபோது எங்கள் ஊர்ப் பலகையில் முதல் வரி சிமெண்டுச் சாலை, இரண்டாவது அலுவலகக் கட்டடம். தண்ணீர் ஆறாவது வரி. காரணம் ஊழல் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். சாலைக்குக் கூலி உண்டு, மூன்று மாதத்தில் முடியும், படம் எடுத்து மேலே அனுப்பலாம். தண்ணீர்த் திட்டத்துக்கு ஊற்று யாருடையது என்பதில் தொடங்கிப் பஞ்சாயத்துதான். அப்புறம் ஒன்று: கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். தண்ணீர் தூக்குபவர்கள் பின்னால் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பம்பு மின்சாரம் இல்லாதது. கீழே ஓடும் தண்ணீரைச் சரிவான இரும்புக் குழாயில் வேகமாக இறக்கி, சட்டென்று வால்வை அடைத்தால் ஒரு மோதல் வரும். அந்த மோதலே கொஞ்சம் தண்ணீரை மேலே தள்ளும். 'ஹிட்ராம்' பம்பு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊற்றில் ஏழு மீட்டர் இறக்கம், அறுபது மீட்டர் ஏற்றம். நிமிடத்துக்கு 120 லிட்டர் உள்ளே போனால் எட்டு லிட்டர் மேலே வரும். கேட்கச் சின்ன எண். ஆனால் இரவு பகல் ஓடும். ஒரு நாளைக்கு 11,500 லிட்டர். ஊரில் 250 பேர். தலைக்கு 46 லிட்டர்.

ஆகஸ்டில் தண்ணீர் மேலே ஏறியது. பெரிய வீட்டு முற்றத்தில் தொட்டி கட்டிக் குழாய் வைத்தோம். ஊர்த்தலைவர் காட்டிய இடம், ஊரின் நடுவும் அதுதான். நான் யோசிக்கவே இல்லை. மூன்றாவது வாரம் வால்வு ரப்பரைக் காணோம். புதிது போட்டேன். நான்காவது வாரம் மேலேறும் குழாயை யாரோ வெட்டியிருந்தார்கள். என்னை அனுப்பிய அமைப்பு "ஊர்மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுதச் சொன்னது.

மாமாதான் ஒரு ராத்திரி அடுப்பருகில் மெதுவாகச் சொன்னார். கிழக்குச் சும்பாவில் மூன்று நிலை உண்டு: 'மாராம்பா' என்னும் பிரபுக்கள், 'கபிஹு' என்னும் பொதுக்குலத்தார், 'ஆட்டா' என்னும் அடிமை வழியினர். டச்சு அரசு 1860லேயே அடிமை முறையைச் சட்டத்தில் ஒழித்தது. ஆனால் டச்சு ஆட்சி சும்பாவில் உண்மையில் கால் ஊன்றியதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இன்றைக்கும் கீழ்க் குடியிருப்பின் பன்னிரண்டு ஆட்டா வீடுகள் மாராம்பாக்களின் பெரிய வீட்டைச் சார்ந்தவை. அந்தப் பெண்கள் தங்கள் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் சுமக்கவில்லை, பெரிய வீட்டுக்கும் சுமந்தார்கள். நான் குழாயைப் பெரிய வீட்டு முற்றத்தில் வைத்ததும், அவர்கள் தண்ணீர் பிடிக்க அந்த முற்றத்தில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. நின்றால் கூடவே நாலு வேலை. ஊற்றுக்குப் போனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் கொண்டுபோன தண்ணீர் அவர்களுடைய நான்கு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கவில்லை, அதை எடுத்து வேறொரு கையில் கொடுத்துவிட்டது.

அறிக்கையை நான் அப்படி எழுதவில்லை.

பெரியவர்களைக் கூட்டினோம். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் இரண்டு நாள் சுற்றி வந்தன. அங்கே இலையைவிட வெற்றிலைக் கொடியின் காயைத்தான் மெல்லுவார்கள். மாராப்புப் பூசாரி ஊற்றுக்கு ஒரு கோழி அறுத்து, ஈரலைப் பார்த்துச் சம்மதம் சொன்னார். மூன்று குடியிருப்புக்கும் மூன்று குழாய், தொட்டி யார் முற்றமும் இல்லாத மேட்டில். வீட்டுக்கு மாதம் 5,000 ரூபியா, பம்பைப் பார்த்துக்கொள்ளக் கீழ்க் குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞன். பெரிய வீட்டு மூத்தவர் இதற்கு ஒப்புக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

2021 ஏப்ரலில் செரோஜா புயல் அடித்தது. வைங்காப்புப் பக்கத்துக் கம்பானிரு அணையே உடைந்தது. எங்கள் இறங்கு குழாயும் அடித்துக்கொண்டு போனது. நான் அங்கே இல்லை. அவர்களே ஊர் நிதியிலிருந்து குழாய் வாங்கி மறுபடி பதித்துவிட்டார்கள். கணக்கன் ஐயா, பலகையில் அந்த வருடம் தண்ணீர் இரண்டாவது வரி. படம் அனுப்பினார்கள்.

#12 கணக்கன்

படித்தேன். இரண்டு முறை படித்தேன். எருமை விஷயத்தில் என் கருத்து முழுக்க மாறவில்லை. ஆனால் எருமை இல்லாவிட்டால் தண்ணீர் வந்திருக்கும் என்று நான் போட்ட கணக்கு தவறு. தொட்டி வைத்த இடம் எந்தச் செலவுப் பட்டியலிலும் வராது.

#13 வெண்கொக்கு

மாராப்புப் பூசாரி என்றீர்களே, அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா?

#14 தறிமகள்

இப்போது தீவில் பெரும்பான்மை கிறிஸ்தவர்கள்தான், வெண்கொக்கு. மாராப்பு என்பது மூதாதையரை வணங்கும் பழைய நெறி. இந்தோனேசிய அடையாள அட்டையில் அரசு ஏற்ற ஆறு மதங்களுக்கே இடம் இருந்தது. மாராப்புக்காரர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டியிருந்தது, அல்லது பொய் எழுத வேண்டியிருந்தது. அதனால் திருமணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளி எல்லாவற்றிலும் இடறல் இருந்தது. 2017 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் இது சரியில்லை என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் மாராப்புக்காரர். எனக்குச் சாயம் கற்றுத்தந்த மூதாட்டி புது அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரணில் பழம்பொருள்களோடு வைத்திருந்தார்.

#15 செந்தூரம்

போய்ப் பார்க்க ஆசையாக இருக்கிறது. யாராவது போனால் எதைக் கொண்டுபோவது நல்லது?

#16 தறிமகள்

பாக்கும் வெற்றிலைக் காயும். வழியில் சந்தையில் வாங்கலாம். ஊருக்குள் நுழைந்ததும் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கல்லறை மேல் உட்காராதீர்கள், அவர்கள் உட்கார்ந்தாலும் நீங்கள் வேண்டாம். மூக்கோடு மூக்கு தொட்டு வரவேற்பார்கள், பின்வாங்காதீர்கள். துணி வாங்கினால் நெய்தவள் கையிலேயே பணம் கொடுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் வேண்டாம், பல் மருத்துவர் கிடையாது.

#17 மேட்டுநீர்

இழையைத் தொடங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே கோவைப் பக்கம் பம்பு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அந்தப் பையன் முந்தாநாள் குன்றின் மேல் ஏறி, சிக்னல் கிடைத்து, குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். கழிவு வால்வின் ரப்பர் தட்டு லாரி டியூபில் வெட்டியது, இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. நிமிடத்துக்கு ஐம்பது அடி அடிக்கிறது. ரப்பர் போனால் மாற்றும்வரை மூன்று நாள், நான்கு நாள் ஊர் மறுபடி கேனைத் தூக்குகிறது. நீண்ட நாள் உழைக்கிற ரப்பர் எது?

#18 பட்டறைக்காரன்

அண்ணே, டியூப் ஆகாது. அது விரியும், விளிம்பு கிழியும். உள்ளே கேன்வாஸ் படிந்த ரப்பர் வேண்டும். கன்வேயர் பெல்ட் துண்டில் வெட்டிப் போட்டால் ஒரு வருடம் வரும். தட்டுக்குப் பின்னால் வாஷர் சின்னதாக இருந்தாலும் ரப்பர் மடங்கி அறும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பம்பில் டங் டங் என்று இரும்புச் சத்தம் வருகிறதா? வந்தால் காற்றுக் கலத்தில் காற்று இல்லை. மேல் வால்வுக்குக் கீழே காற்றை உள்ளே இழுக்கும் ஊசித் துளை ஒன்று இருக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் என்றால் அது அடைத்திருக்கும். குத்திவிடச் சொல்லுங்கள். அளவு கொடுங்கள், நான் வெட்டித் தருகிறேன். காசு வேண்டாம்.

#19 மேட்டுநீர்

ஊசித் துளை! செய்தியின் பின்னணியில் அந்தச் சத்தம் கேட்கிறது, இப்போதுதான் உறைக்கிறது. இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், அவன் கேட்க இரண்டு நாள் ஆகலாம்.

தட்டின் வெளிவிட்டம் 92 மி.மீ., நடு ஓட்டை 12 மி.மீ., கனம் இப்போது 5 மி.மீ. வாஷர் 60 மி.மீ. போதுமா?

#20 பட்டறைக்காரன்

வாஷர் 75 ஆக்குங்கள். கனம் 8 போடலாம், தண்டில் அதற்குத் திருகுமரை மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பத்துத் தட்டும் இரண்டு வாஷரும் வெட்டிவைக்கிறேன். கையில் கொண்டுபோக ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

#21 செந்தூரம்

பாலி வரைக்கும் ஜூலையில் நான் போகிறேன். அங்கிருந்து வைங்காப்புக்கு விமானம் உண்டுதானே? தனிச்செய்தியில் விலாசம் அனுப்புங்கள், அண்ணா.